கவ்வாத்துக் கத்திகளும் மூன்று ஆவணங்களும்

கண்ணால் கண்ட ஒன்று காகிதத்தில் இல்லையென்றால், அதை அறியாதவள்போல எழுதிவிட்டு எழுந்து போவதுதான் வரலாறா? பள்ளிக்கூடத்தின் கடைசி ஆண்டில், ஒரு பரீட்சை மேசையில், பேனாவின் மூடியைக் கழற்றிய கையோடு இந்தக் கேள்விக்கு எதிரே நான் உட்கார வேண்டி வந்தது. பின்னாளில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றேன். இதே கேள்வியைப் பெரிய மண்டபங்களில் பெரிய சொற்களால் கேட்கக் கண்டேன். ஆனால் எனக்கு அது முதன்முதலில் வந்தது மஞ்சளும் குங்குமமும் பூசிய சில கத்திகளின் வடிவத்தில்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. உயர் வகுப்புகளைத் தமிழிலேயே படிக்கலாம் என்ற நிலை வந்த புதிது. டிக்கோயாப் பாதைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, காலைப் பனியில் ஒற்றையடிப் பாதையால் இறங்கி, பஸ் பிடித்து, அட்டன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அம்மா கொழுந்தெடுப்பவர். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. வயது முதிர்ந்த தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிட்டால்தான் அது மறுபடி தளிர்க்கும். அந்த வெட்டுக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். அதற்கென்றே வளைந்த கத்தி உண்டு. எங்கள் வீட்டில் அந்தக் கத்தி இருந்த மூலையில் என் புத்தகங்களும் இருந்தன. வேறு மூலை இல்லை.

பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்பதைப் பள்ளிக்கூடம் ஒரு தேர்வுப் பரீட்சை வைத்துத் தீர்மானிக்கும். மற்றப் பாடங்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. வரலாற்றில்தான் புதிய முறை ஒன்று வந்திருந்தது: பழைய ஆவணங்கள் சிலவற்றைக் கொடுத்து, அவற்றைக்கொண்டே ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதில் தவறினால் மொத்தத்திலும் தவறியதாகவே கொள்ளப்படும்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அப்பா பேச்சைத் தொடங்கினார்.

"இதுல தேறிட்டா மேல படி. நான் தடுக்கல. தேறலேன்னா வர்ற மாசம் பேர் பதிஞ்சிருவோம்மா. கணக்கப்புள்ளகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

பேர் பதிவது என்றால் கணக்கப்பிள்ளையின் பதிவேட்டில் ஏறி, தோட்டத்துத் தொழிலாளியாகச் சேர்வது. ஒருமுறை பதிந்த பெயரை மீட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் திரும்பிய எவரையும் நான் அறிந்ததில்லை. அப்பா கொடுமைக்காரர் அல்லர். எனக்குப் பின்னால் தம்பியும் தங்கையும் இருந்தார்கள். அம்மா அடுப்புக்குள் வாதுக் குச்சியை, கவ்வாத்தில் வெட்டி விழுந்த தேயிலைக் கிளையை, தள்ளியபடி சிரித்தார்.

"கூடை வேணும்னா இப்பவே சொல்லிரு. நல்ல கூடைய மத்தவளுக தூக்கிட்டுப் போயிருவாளுக. படிச்ச புள்ளைக்கு ஓட்டக் கூடைதான் மிஞ்சும்."

"எனக்குக் கூடை வேணாம்" என்றேன்.

"அத வாத்தியார் சொல்லணும். நீ சொல்லி என்னா பண்ண?"

நாங்கள் சேர் என்று அழைக்கும் எங்கள் வரலாற்று ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, எப்போதும் கையில் குடை. தொழிலாளரின் பக்கம் நிற்க வேண்டும் என்று உறுதியாக நம்பியவர். தோட்டங்களின் வரலாறு அவற்றை நிர்வகித்த துரைமார் எழுதியதாகவே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வருந்துவார். கொழும்பிலிருந்த ஒரு நண்பர் மூலம் பழைய ஆவணங்கள் சிலவற்றின் பிரதிகளைப் பெற்று, அவரே தமிழாக்கி வைத்திருந்தார். இந்த மலையில் நடந்த மிகப் பழைய வேலைநிறுத்தம் ஒன்றுக்கு அவற்றில் சான்று கிடைத்திருக்கிறது என்று வகுப்பில் ஒருநாள் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. எதுவென்று மட்டும் சொல்லவில்லை. பரீட்சைத்தாளைத் திருப்பியபோது எனக்கு அது விளங்கியது.

மூன்று ஆவணங்கள் இருந்தன. தேயிலை வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்து ஒரு தோட்டத்தைப் பற்றியவை. முதலாவது, அந்தத் தோட்டத்துத் துரையின் நாட்குறிப்பு. கவ்வாத்துத் தொடங்க வேண்டிய காலையில் ஆட்கள் எல்லாரும் மலையின் ஓரத்தில் ஒரு கல்லுக்கு முன்னால் கத்திகளைக் குவித்துவிட்டு நின்றார்கள் என்றும், தான் அங்கே வந்தாலொழியக் கத்தியைத் தொடமாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள் என்றும், கத்திகளில் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ பூசப்பட்டிருந்ததாகக் கேள்வி என்றும் அவர் எழுதியிருந்தார். அவர் போகவில்லை. நண்பகலுக்குப் பிறகே வேலை நடந்தது. எல்லாருக்கும் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், போட்டார்.

இரண்டாவது, ஆட்களை வேலைவாங்கும் கங்காணி நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலம். வேலையை மறுக்கவில்லை, துரைக்காகக் காத்திருந்தோம், அவர் வரவில்லை என்கிறது. அரைப் பேர் போட்ட செய்தி லயங்களில் பரவிய மறுநாள் பெரட்டுக்களத்துக்கு, காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு, ஒருவரும் வரவில்லை. தன்னால் அழைத்துவர முடியவில்லை என்கிறது. மூன்றாவது ஒரு அரசாங்க அதிகாரியின் சுருக்கமான அறிக்கை: இரண்டு நாள் கூலிகள் கூட்டுச் சேர்ந்து வேலையை நிறுத்தினார்கள், தலைவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், இப்போது அமைதி.

இம்மூன்றையும் கொண்டு, தோட்டத் தொழிலாளரிடையே கூட்டு எதிர்ப்புத் தோன்றியவாற்றை ஆராய்ந்து எழுதுக என்பது வினா.

கேட்டவர் எதிர்பார்க்கும் விடை எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. கருவிகளைக் கீழே போட்டார்கள். துரையைப் பேச்சுக்கு வரும்படி கேட்டார்கள். சிவப்பும் மஞ்சளும் பூசிச் சபதம் செய்தார்கள். இரண்டு நாள் உறுதியாக நின்றார்கள். சங்கக் கூட்டங்களில் கேட்ட வீரமான சொற்களெல்லாம் பேனாவின் நுனியில் வந்து நின்றன. அப்படி எழுதினால் நல்ல புள்ளி நிச்சயம்.

ஆனால் அந்தக் கல் எனக்குத் தெரியும். அதே கல் அல்ல. அதைப்போன்ற கல் எங்கள் தோட்டத்தின் ஒவ்வொரு மலையிலும் உண்டு. கவ்வாத்துத் தொடங்கும் காலையில் கத்திகளைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, கல்லுக்கு முன்னால் குவிப்பார்கள். கவ்வாத்துச் சாமிக்குப் பூசை. துரை வர வேண்டும். வந்து தேங்காய் உடைத்து, கழுத்தில் மாலை வாங்கிக்கொண்டு, முதல் செடியில் முதல் வெட்டு வெட்ட வேண்டும். அதுவரை எவரும் கத்தியைத் தொடமாட்டார்கள். சின்ன வயதில் நான் தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் போயிருக்கிறேன். துரையை வரச்சொல்வது மிரட்டல் அல்ல, மரியாதை. அந்தப் பழைய துரைக்கு அந்த அழைப்பு அதிகாரத்துக்கு விடுத்த சவாலாகப்பட்டது. இத்தனை ஆண்டு கழித்து எங்கள் ஆசிரியருக்கு அதே அழைப்பு வீரமாகப்பட்டது.

எழுதலாமா?

எழுதினால் வரக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஆவணத்தில் பூசை என்ற சொல்லே இல்லை. இல்லாததை எழுதினால் புள்ளி போகும், புள்ளி போனால் கூடை. அது என்னோடு முடிகிற விளைவு. இன்னொன்று அதைவிடக் கனமாக இருந்தது. எங்கள் மக்கள் தலைநிமிர்ந்த மிகப் பழைய நாள் இது என்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். இல்லை, அன்று அவர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டு துரைக்காகக் காத்திருந்தார்கள் என்று நானே எழுதினால், எங்களை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவள் ஆகமாட்டேனா?

மறுபக்கமும் ஒரு கனம் இருந்தது. எங்கள் லயத்தில் அந்த நாட்களில் ஆவணம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். பிரஜாவுரிமை கேட்டு அப்பா போட்ட விண்ணப்பம், இடையில் சில ஆண்டுகளுக்கு அவர் இந்த நாட்டில் இருந்ததற்குக் காகிதம் இல்லை என்று தள்ளப்பட்டிருந்தது. "அந்த வருஷங்கள்ல நான் இங்க இல்லையாம்ல? அப்ப இந்த மலைய வெட்டுனது யாரு, காத்தா?" என்று அப்பா கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த நான், காகிதத்தில் இல்லை என்பதற்காகக் கத்திகளுக்கு முன்னால் இருந்த கற்பூரத்தை அணைத்துவிட்டு எழுதுவது எப்படி?

மூன்று ஆவணங்களையும் மறுபடி படித்தேன். அப்போதுதான் இரண்டு நாட்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பது கண்ணில் பட்டது. அதிகாரியின் அறிக்கை இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டது. கங்காணியோ பிரித்துச் சொல்கிறார்: முதல் நாள் காத்திருந்தோம், இரண்டாம் நாள் வரவில்லை. முதல் நாள் வேலைநிறுத்தம் அல்ல. மரியாதைக்கு அழைத்தவர்களுக்கு அபராதம் விழுந்த பிறகு, இரண்டாம் நாள் நடந்ததுதான் வேலைநிறுத்தம். எங்கள் மக்கள் தலைநிமிர்ந்த நாள் தொலைந்துபோகவில்லை. ஒரு நாள் தள்ளி இருந்தது.

அப்படியே எழுதினேன். பூசையைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது, இது ஆவணங்களில் இல்லை, எங்கள் தோட்டத்தில், கவ்வாத்து வெட்டும் என் அப்பாவோடு போய், நான் நேரில் கண்டது என்று தெளிவாகக் குறித்தேன். பிறகு, அந்தக் காலையில் நடந்ததும் நிச்சயமாக இந்தப் பூசையே என்று எழுதி, நிச்சயமாக என்ற சொல்லின் கீழ் கோடும் போட்டேன். வயது அப்படி.

வெளியே வந்ததும் என் பக்கத்து மேசைத் தோழி வழிமறித்தாள். ஒரு தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கரின் மகள், வாய்த்துடுக்குக்காரி.

"ஏன்டி, சபதத்தப் பத்தி எத்தன பக்கம் எழுதுன? நான் ரத்தம்னே எழுதிட்டேன். செவப்பா பூசியிருந்தாங்கல்ல?"

"அது குங்குமம். கவ்வாத்துப் பூசை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சேர் வேலைநிறுத்தம்ங்கிறாரு, நீ பூசைங்கிற. ஒங்க அப்பாவும் கத்தியக் குமிச்சு வச்சுட்டுத்தானே நிப்பாரு? அப்ப அவரு வருசா வருசம் ஸ்ட்ரைக்கா?"

"அதத்தான் நானும் கேட்டிருக்கேன்."

"போச்சு போ" என்று என் முதுகில் தட்டினாள். "கொழுந்து நெறுக்கிற எடத்துக்கு எங்க அப்பா வந்தா, கொஞ்சம் பாத்துப் போடச் சொல்றேன்."

விடைத்தாள்கள் திரும்பி வந்த நாளில் எல்லாருடைய தாளிலும் புள்ளி இருந்தது, என்னுடையதில் இல்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஆசிரியர் என்னை அழைத்தார். கோபம் இல்லை, ஆனால் முகத்தில் அந்த மலர்ச்சியும் இல்லை.

"இஞ்ச பாரும் பிள்ளை. பூசை எண்ட சொல்லு இந்த மூண்டு ஆவணத்திலயும் எங்க கிடக்கு?"

"இல்ல சேர். ஆனா கல்லு இருக்கு. செவப்பும் மஞ்சளும் பூசுனது இருக்கு. துரைக்காகக் காத்திருந்தோம்னு கங்காணி சொல்றாரு."

"உமக்குத் தெரியும் எண்டது ஆதாரமில்லை. நான் அதைப் பொய் எண்டு சொல்லேல்லை. உம்மட தோட்டத்தில இண்டைக்கு நடக்கிறது, அந்தத் தோட்டத்தில அண்டைக்கும் நடந்தது எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

உண்மையிலேயே நல்ல கேள்வி. அவர் என் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "உங்கட தோட்டத்தில எப்ப கவ்வாத்துத் தொடங்குது?" என்று கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை, சேர்."

"நான் வரலாமோ?"

வீட்டில் சொன்னதும் அப்பா திகைத்துப்போனார். "ஒனக்குப் புள்ளி போடுறதுக்கு அவரு மலை ஏறணுமா? அப்படி என்னாத்த எழுதித் தொலைச்ச?" அம்மா மட்டும், "வரட்டும். வர்றவரு புள்ளியப் போட்டுட்டுத்தான் எறங்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்திறங்கினார். நான் பாதையில் காத்திருந்து அழைத்துப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் அட்டைகள் எங்களுக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தன. சேர் குடையை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசித் திருப்பத்தில் பனி சற்று விலகியது. மேலே, மலையின் ஓரத்தில், ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கைகளைக் கட்டியிருந்தார்கள். பேச்சு இல்லை. அவர்களுக்கு முன்னால் கத்திகள் குவிந்து கிடந்தன. அன்று துரை வரத் தாமதமாகியிருந்தது.

சேர் அப்படியே நின்றுவிட்டார். "வேலைநிறுத்தமோ?" என்று மெல்லக் கேட்டார். கேட்ட பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். நாட்குறிப்பு எழுதிய துரைக்கும், கீழேயிருந்து பார்த்தபோது, இப்படித்தான் தெரிந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஜீப்பின் சத்தம் கேட்டது. எங்கள் துரை சிங்களவர். வெள்ளைக்காரத் துரை போன பிறகு வந்தவர். இறங்கும்போதே ஜீப் கிளம்பவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சமாதானம் சொன்னார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எலுமிச்சை மாலையோடு குனிந்து முதல் செடியை வெட்டினார். பிறகுதான் ஆட்கள் தங்கள் தங்கள் கத்தியைப் பொறுக்கிக்கொண்டார்கள்.

துரை போன பின், சேர் அப்பாவிடம் கேட்டார்: "ஏன் துரைதான் முதல்ல வெட்டவேணும்?"

"அதுங்களா ஐயா, அவரு கைராசி."

"கைராசியாவது!" என்று இன்னொருவர் குறுக்கிட்டார். "யாரு காலாச்சும் வெட்டுப்பட்டா, நாளைக்கு ஒங்களாலதான்னு துரை சொல்லக்கூடாதுங்க. அவருதானே மொத வெட்டு வெட்டுனாரு."

"ரெண்டுமில்லைங்க" என்றார் மூன்றாமவர், கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவியபடி. "வருசத்துல ஒரு நாளாச்சும் துரை நம்ம முன்னால குனியட்டுமே!"

மலையே சிரித்தது. அப்பா அவரை முழங்கையால் இடித்தார். சேர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

இறங்கும்போது அவர் சொன்னார்: "மூண்டு பேர், மூண்டு சாட்சியம். எல்லாருமே ஒரே இடத்தில நிண்டவை. பாத்தீரோ பிள்ளை? நேர கண்டவையின்ர சொல்லையும் நிறுத்துத்தான் எடுக்கவேணும். ஆனா நிறுக்கிறதெண்டா முதல்ல தராசில வைக்கவேணும். நான் வைக்கேல்லை."

அவருடைய கேள்வி இன்னும் அப்படியே இருந்தது என்பது எனக்கும் தெரிந்திருந்தது. இன்றைய பூசை அன்றைய பூசைக்குச் சான்றாகிவிடாது. அது ஒரு வாய்ப்பைக் காட்டும். அந்த வாய்ப்பு ஆவணத்தின் கல்லோடும் மஞ்சளோடும் பொருந்துகிறதா என்று பார்க்கத் தூண்டும். அதற்குமேல் அதற்கு உரிமை இல்லை. என் மக்களின் மேலுள்ள அன்பு எனக்கு ஒரு கதவைத் திறந்து கொடுத்தது உண்மை. ஆனால் உள்ளே இருப்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் உரிமையை அது எனக்கும் தரவில்லை, வேலைநிறுத்தத்தைத் தேடிய சேருக்கும் தரவில்லை.

திங்கட்கிழமை என் தாள் திரும்பி வந்தது. நிச்சயமாக என்ற சொல் வெட்டப்பட்டு, அதன் மேலே பெரும்பாலும் என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. அந்த இடத்தில் புள்ளி குறைத்திருந்தார். இரண்டு நாட்களையும் பிரித்த பகுதியின் ஓரத்தில், இதை நான் பார்க்கத் தவறினேன் என்று ஒரு வரி. தேறியிருந்தேன். முதலிடம் அல்ல. இரத்தம் என்று எழுதிய தோழிக்கும் எனக்கும் இடையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவள் என்னைவிட மேலே இருந்தாள். "ரத்தத்துக்கு இருக்கிற மதிப்பு குங்குமத்துக்கு இல்லடி" என்று நெடுநாள் சொல்லித் திரிந்தாள்.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். தன்னைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நான் இங்கதான் இருந்தேன்னு ஒரு காயிதத்துலயாச்சும் எழுதியிருக்கே" என்று சொல்லி, அதைப் பெட்டிக்குள் பிரஜாவுரிமைக் காகிதங்களோடு வைத்தார். அது எந்த அரசாங்கக் கந்தோரிலும் செல்லாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் எடுத்து வைத்தார்.

அடுத்த மாதம் தோட்டத்தில் என் பெயர் பதியப்படவில்லை. புகுமுகப் பரீட்சையிலும் தேறி, அதற்கடுத்த ஆண்டு நான் பல்கலைக்கழகம் போனேன். அந்த ஆண்டிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்று வினாத்தாளில், ஆவணங்களுக்குக் கீழே ஒரு வரி சேர்ந்தது: இவற்றில் இல்லாத ஒன்றை நீர் அறிந்திருந்தால், அதை எவ்வாறு அறிந்தீர் என்பதையும் சேர்த்து எழுதலாம்.